ஞானாம்பாள் கலக்கிய பாதாம் பால்

லட்டு டப்பா இப்போது ஃபிரிட்ஜின் தலையில் இருந்தது.

அங்கே வைத்தவள் ஞானாம்பாள். குப்பைக்குப் போக வேண்டிய வெறும் அட்டைப் பெட்டி. ஆனால் கூடத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து துடைப்பத்தால் அதை இழுத்து வெளியே போட்ட நாளிலிருந்து, கோர்ட்டில் சாட்சிப் பொருளை வைப்பதுபோல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் மருமகள் அனுராதா அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பார்க்கட்டும் என்றுதான் வைத்ததே.

அனுராதாவுக்கு ஏழாம் மாதம். மன்னார்குடிப் பெண், கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவன் சூர்யபிரகாஷ் குவைத்தில் இருக்கிறான். கீழ்வேளூர் பக்கத்தில் இந்தக் கிராமத்து வீட்டில் அவள், மாமனார் துரைராசு, மாமியார் ஞானாம்பாள் என்று மூன்றே பேர். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வருகிற சர்க்கரை அவளுக்கும் வந்துவிட்டது. நாகப்பட்டினத்து டாக்டரம்மா சொன்னபடி சோற்றைக் குறைத்தாள், இனிப்பை விட்டாள், சாயங்காலம் வாய்க்கால் கரையோரம் நடந்தாள். அப்படியும் போன தடவை பார்த்தபோது சர்க்கரை இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது.

"திங்கக்கிழமை மறுபடி பார்ப்போம். குறையலைன்னா இன்சுலின் ஊசி ஆரம்பிச்சுடலாம்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அதற்கு மறுநாள்தான் கட்டிலுக்கு அடியில் டப்பா கிடைத்தது. ஞானாம்பாளுக்கு இரண்டும் இரண்டும் நாலாகிவிட்டது. அந்தக் கட்டிலில் மத்தியானம் படுப்பவள் அனுராதா. காலையில் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் துரைராசு. அவரும் பழைய சர்க்கரைக்காரர்தான். ஆனால் அவர் ஆடி மாதம் மாரியம்மன் சந்நிதியில், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். பக்கத்தில் நின்று பார்த்தவள் ஞானாம்பாள். கற்பூரச் சத்தியத்தைச் சந்தேகப்படும் குடும்பம் இல்லை அது. ஆகவே பாக்கி இருந்தது மருமகள்.

இன்று காலையும் ஞானாம்பாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் அடுப்படிக்குப் போனாள். ஆனாலும் கடமையை விடவில்லை. பாலைக் காய்ச்சினாள். அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்து மூடியை நெம்பித் திறந்தாள். ஏலக்காய் வாசனையோடு மஞ்சள் நிறப் பொடி. பெரிய கரண்டியால் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினாள். கட்டியாக இருந்தால்தான் சத்து என்பது அவள் கட்சி.

இந்தப் பாதாம் பால் டாக்டரம்மா சொன்னதிலிருந்து பிறந்தது. காலை பதினோரு மணிப் பசிக்கு பிஸ்கட் வேண்டாம், ஊறவைத்த பாதாம் சாப்பிடுங்கள் என்று அவர் ஆரம்பத்திலேயே சொன்னபோது ஞானாம்பாளும் பக்கத்தில் இருந்தாள். வீட்டில் பாதாம் இல்லாமல் இல்லை. சூர்யபிரகாஷ் ஊருக்கு வந்த ஒரு கூத்தாநல்லூர் நண்பரிடம் இரண்டு கிலோ கொடுத்தனுப்பியிருந்தான். விரல் நீளத்துக்கு வழுவழுவென்று இருந்த அந்தப் பருப்பைப் பார்த்ததும் ஞானாம்பாள் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வளைகாப்புக்கு நாற்பது வீட்டுச் சனம் வரும். சீர்த் தட்டில் குவைத்துப் பாதாமைக் கோபுரமாகக் குவித்து வைத்தால் பார்க்கிறவர்கள் கண் விரியும். தின்று தீர்த்துவிட்டால் தட்டில் எதை வைப்பது?

அதற்காக மருமகளைப் பட்டினி போடுகிறவளும் அவள் இல்லை. கீழ்வேளூர் கடைத்தெருவுக்குப் போய்ப் பாதாம் பொடி வாங்கி வந்தாள். முழுப் பருப்பை மென்று தின்பதைவிட அரைத்த பொடி உடம்பில் ஒட்டும் என்பது அவள் தீர்மானம். அதிலிருந்து காலையும் மாலையும் ஒரு டம்ளர்.

"இந்தா, குடி" என்று கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள். "என் மேல கோவம்னா என் மேல காட்டு. வயித்துல இருக்கறது என் மவன் புள்ள."

"எனக்குக் கோவம் இல்லைங்க அத்தை. நான் லட்டு திங்கலைன்னு மட்டும்தான் சொல்றேன்."

"திங்காம சக்கரை எப்படி ஏறுமாம்? காத்துல வருமா?"

அனுராதா டம்ளரை எடுத்தாள். முதல் நாளே அவள் கேட்டிருந்தாள்: "சர்க்கரை போட்டீங்களா அத்தை?" "என் கையால ஒரு சிட்டிகை போடல" என்று பதில் வந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் நாக்கு வேறு சொன்னது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு உதைக்கத்தான் செய்தது. இருந்தும் அவள் மறுபடி கேட்கவில்லை. கல்யாணமான இரண்டு வருஷத்தில் மாமியார் அவளைத் தேடி வந்து கையில் ஒன்றைக் கொடுத்தது இந்தப் பால்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்காகக் கேட்டிருக்க வேண்டும். மாமியாருக்காகக் கேட்காமல் இருந்துவிட்டாள்.

டம்ளர் உதட்டுக்குப் போகும் நேரத்தில் போன் அடித்தது. மன்னார்குடியிலிருந்து அம்மா.

"ஏண்டி அனு, ஒளிச்சு வச்சு லட்டு தின்னியாமே?"

"யாரும்மா சொன்னா?"

"சம்பந்தியம்மா நேத்து போன் பண்ணி ஒரே அழுவை. ஆசையா இருந்தா எங்கிட்ட சொல்லக் கூடாதா? திருட்டுத்தனமா தின்னு புள்ளையைக் கெடுக்கறியே."

"நான் திங்கலம்மா."

"அப்புறம் சக்கரை எப்படிடி ஏறும்?"

மாமியார் கேட்ட அதே கேள்வி. மாமியார் கேட்டபோது வராத அழுகை இப்போது வந்தது. பெற்றவளே நம்பாவிட்டால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? போனை வைத்தாள். டம்ளரையும் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு போன் செய்தாள்.

"சாயங்காலம் கார் எடுத்துக்கிட்டு வாண்ணே. என்னைக் கூட்டிட்டுப் போ. வளைகாப்பு வரைக்கும் எல்லாம் இருக்க முடியாது. திங்கக்கிழமை அங்கேருந்தே நாகப்பட்டினம் போயிக்கறேன்."

அடுப்படியில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. போனில் பேசியது ஞானாம்பாள் காதிலும் விழுந்துவிட்டது. அவள் வெளியே வரவில்லை. அனுராதா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் துரைராசு தினசரியை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கத்தைத்தான் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லட்டு தின்றவர் அவர்தான். போன வாரப் பகுதியிலேயே ஊகித்துவிட்ட வாசகர்கள் அவரைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். உர மூட்டை வாங்கக் கீழ்வேளூர் போனவர் கால் கிலோ லட்டும் வாங்கி வந்து, ஞானாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தபோது தின்று முடித்து, செருப்புச் சத்தம் கேட்டதும் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு எடுத்துப் போட மறந்துவிட்டார். திருடத் தெரிந்தவருக்கு மறைக்கத் தெரியவில்லை.

ஒப்புக்கொள்ளாததற்குப் பெண்டாட்டி பயம் பாதிக் காரணம். மீதிக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. கற்பூரம் அடித்த சத்தியத்தை மீறியதற்கு மாரியம்மன் தன்னைத் தண்டிக்காமல் வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தண்டிக்கிறாளோ என்று அவருக்கு உதறல். தான் தின்ற லட்டு மருமகள் ரத்தத்தில் ஏறுகிறது என்றே பாதி நம்பிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது தன் வீட்டிலேயே நடக்கிறதே என்று மறுகினார்.

ஸ்டூலில் பால் ஆறி ஏடு படிந்துகொண்டிருந்தது. ஞானாம்பாள் வந்து பார்த்தால் "கொடுத்த பாலையும் கொட்ட வச்சுட்டா" என்று இன்னொரு பஞ்சாயத்து கிளம்பும். அந்தப் பெண் பட்டதே போதும் என்று டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

குடித்து முடித்த பிறகுதான் நாக்கு விழித்துக்கொண்டது. அவர் நாக்கு லட்டு தெரிந்த நாக்கு. இது பாலுமில்லை, பருப்புமில்லை. இது பாகு.

வடிகாலைப் பார்க்க வயலுக்குப் போனார். இரண்டு நாள் மழையில் சம்பா நடவு தண்ணீரில் நின்றது. மடையை வெட்டிவிட்டு வீடு திரும்பும்போது தொண்டை வறண்டு தலை கிறுகிறுத்தது. சுகர் மெஷினை எடுத்து விரலைக் குத்தினார். நாலு இட்லி தின்று இந்த நேரத்துக்குப் பார்த்தால் நூற்று எழுபதைத் தாண்டாது. இன்று இருநூற்று எண்பது காட்டியது.

துரைராசு மெஷினைப் பார்த்தார். ஸ்டூலில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். இட்லி அதே இட்லி. இன்றைக்குப் புதிதாக உள்ளே போனது அந்த ஒரு டம்ளர்தான். மருமகளையும் இந்த மெஷினில் தினம் பார்த்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். மாசமான பெண்ணின் ரத்தத்தைத் தினம் குத்தி எடுக்கக் கூடாது என்று ஞானாம்பாள்தான் தடுத்துவிட்டாள்.

அம்மன் பேரில் இருந்த பயம் பாதி இறங்கியது. மனுஷி பேரில் இருந்த பயம் ஏறியது.

நல்ல வேளையாக மத்தியானம் ஃபஹ்மிதா வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். கூத்தாநல்லூர்க்காரி, ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவள். அனுராதாவுக்குப் பிரஷர் பார்த்து, எடை பார்த்து முடித்ததும் துரைராசு தொண்டையைக் கனைத்தார்.

"நர்சம்மா, ஒரு டம்ளர் பாதாம் பால் குடிச்சா சக்கரை நூறு ஏறுமா?"

"என்ன பாதாம், எப்படிப் போட்ட பால்னு பார்க்கணுங்க மாமா."

ஞானாம்பாள் விருட்டென்று அடுப்படியிலிருந்து வந்தாள். "நீங்க எதுக்குங்க அதைக் குடிச்சீங்க?"

"அனு குடிக்கல. வீணாப் போவுதேன்னு குடிச்சேன்."

"டாக்டரம்மா சொன்ன பாதாம். அதுல என்ன குத்தம் கண்டுபுடிச்சீங்க? என் கையால ஒரு சிட்டிகை சக்கரை போட்டதில்ல."

ஃபஹ்மிதா தகர டப்பாவைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். அவள் முகம் மாறியது. "அம்மா, இதுல பாதாம் கொஞ்சம்தாம்மா. மத்ததெல்லாம் சர்க்கரை."

"பாதாம் படம்தானே போட்டிருக்கு!"

"படத்தையா கரைச்சுக் குடிக்கிறோம்?"

ஞானாம்பாளுக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காலையில் போட்ட அதே மூன்று கரண்டியை வெந்நீரில் போட்டுக் கலக்கினாள். ஒரு வெள்ளைத் துணியைப் பாத்திரத்தின் மேல் விரித்து ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் இறங்கியது. துணியை விரித்துப் பார்த்தபோது நடுவில் நகத்தளவுக்குத் திப்பி ஒட்டியிருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு பாத்திரத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். கோயில் பானகம் இதைவிடப் பரவாயில்லை.

அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். "இதையா ரெண்டு வேளையும் குடுத்தேன்?" என்று கேட்டாள்.

ஃபஹ்மிதா பக்கத்தில் வந்தாள். "தெரியாம குடுத்தது. இன்னையோட நிறுத்திடுங்க. பாதாம்னா முழுப் பருப்பும்மா. பத்தே பத்து. ராத்திரி ஊறப் போட்டு, காலையில தோலோட மென்னு சாப்பிடட்டும்."

"தோலோடவா? உரிச்சுத்தானே சாப்புடுவாங்க?"

"தோல்ல நார்ச்சத்து இருக்கு. எதுக்கு உரிச்சுத் தூக்கிப் போடணும்? பருப்புல புரதம் இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு, மெக்னீசியம், வைட்டமின் ஈ எல்லாம் இருக்கு. மெதுவாத்தான் செரிக்கும். பசி தாங்கும், பிஸ்கட் மாதிரி சர்க்கரையைத் தூக்கி விடாது."

"அப்ப பாதாம் தின்னா இந்தச் சக்கரை போயிடுமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். அது சாப்பாடு, மருந்து இல்ல. நல்லதுன்னு கை நிறைய அள்ளித் தின்னா எடைதான் போடும். பாதாம் இல்லாத நாள்ல நம்ம வேர்க்கடலையை வேக வச்சுக் குடுங்க, அதுவும் லேசுப்பட்டது இல்ல. அதுக்கு மேலயும் சர்க்கரை குறையலைன்னா இன்சுலின் போடுவாங்க. அதனால புள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது. ஊசின்னா ஏதோ தலையெழுத்துன்னு நினைக்காதீங்க."

ஞானாம்பாள் பீரோவைத் திறந்து குவைத்துப் பாதாம் பொட்டலங்களைக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள். சீர்த் தட்டு எக்கேடும் கெட்டுப் போகட்டும். ஆனால் தோற்றாலும் லேசில் விடுகிறவளா அவள்? நர்ஸின் ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் ஃபிரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினாள்.

"சரி. பாலு என் தப்பு. நான் ஒத்துக்கறேன். லட்டு யாரு தப்பு?"

அனுராதா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் அசதிதான் இருந்தது. துரைராசுவால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான் தின்னேன்" என்றார்.

"எதை?"

"லட்டை. கால் கிலோ."

"கற்பூரம் அடிச்சீங்களே!"

"அடிச்சேன். அதான் வாயைத் திறக்கப் பயமா இருந்துது. அனு தின்னல ஞானம். நான் தின்னதுக்கு அந்தப் பொண்ணு இத்தனை நாள் பேச்சு வாங்கிட்டு நின்னுது. நானும் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஊரே கேட்கும்படி ஞானாம்பாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அவரை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு, மருமகள் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

அனுராதாவே பேசினாள். நிறுத்தாமல் பேசினாள்.

"பாலு நீங்க தெரியாம குடுத்தது அத்தை. அது தித்திக்குதுன்னு எனக்கே தெரியும், கேக்காதது என் தப்பும்தான். அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. ஆனா லட்டு விஷயத்துல நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. நீயே தின்னேன்னுதான் ஆரம்பிச்சீங்க. எங்க அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிட்டீங்க. இப்ப எங்க அம்மாவே என்னை நம்பல. நான் சாயங்காலம் கிளம்பறேன்."

"போகாதம்மா" என்றார் துரைராசு.

"இல்லைங்க மாமா. அண்ணன் கிளம்பிட்டாங்க."

பொழுது சாய்வதற்கு முன்பே வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் காபிகூட வேண்டாம் என்றுவிட்டான். தங்கையின் பையைத் தூக்கி டிக்கியில் வைத்தான். அனுராதா மாமனாரிடம் சொல்லிக்கொண்டாள். மாமியாரைத் தேடினாள்; காணோம். அவ்வளவுதானா என்று மனம் கனத்தது. காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஞானாம்பாள் வெளியே வந்தாள். வெளியூர்ப் புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு பை. நேராக வந்து காரின் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"ஏ ஞானம், எங்க கிளம்பிட்டே?" என்று துரைராசு பதறினார்.

"மன்னார்குடிக்கு. ராத்திரிக்குச் சோறு நீங்களே வடிச்சுக்குங்க. பத்தலைன்னா லட்டு வாங்கித் தின்னுங்க."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அனுராதா கேட்டாள்: "எதுக்கு அத்தை?"

"உங்க அம்மாகிட்ட உன்னைத் திருடின்னு சொன்னது நான். இல்லைன்னு சொல்ல வேண்டியதும் நான்தானே. இன்னொரு போன் போட்டுச் சொல்லிட்டா ஆச்சா? நேர்ல நின்னு சொல்லணும். சொல்லிட்டுக் காலையில பஸ் ஏறிடறேன். நீ திரும்பி வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

கார் கிளம்பியது. கிராமத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. அனுராதா கையை வைத்துக்கொண்டாள். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"திங்கக்கிழமையும் சர்க்கரை குறையலைன்னா அத்தை? அப்ப என்ன சொல்லுவீங்க?"

ஞானாம்பாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். முதல்ல உன்னைத்தான் கேப்பேன்."